வாசல் பலகை

எஞ்சின் மறுபடியும் வாசல் பலகையின் மேல் வந்து நின்றிருந்தது.

நேற்றும் அப்படித்தான், அதற்கு முந்தின நாளும் அப்படித்தான். படுக்கப் போகுமுன் கார்டம்மா கையை நீட்டி, உள்ளங்கையளவுள்ள அந்த எஞ்சினைப் பிடித்து, இடப்பக்கம் எட்டுகிற தூரத்தில் இருந்த பிளாஸ்டர் குகைக்குள் தள்ளிவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள். காலையில் திறந்தால் அது குகையை விட்டு வந்து, வாசலுக்கு நேர் நடுவில், தலைவிளக்கு மினுக் மினுக்கென்று எரிய நிற்கிறது. கரண்டாவது இருந்தால் ஏதோ கோளாறு என்று விட்டுவிடலாம். ஹால் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிப் போட்டு ஏழு மாதம் ஆகிறது, பிடுங்கியவளே அவள்தான்.

"வீடு பழசு. தரை சரிஞ்சிருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ரசமட்டத்தை எடுத்து வந்து பலகையின் மேல் வைத்தாள். குமிழி நடுக்கோட்டில் போய் உட்கார்ந்து அசையவே இல்லை. அவள் அதைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு ரசமட்டத்தைப் பெட்டியில் போட்டு மூடினாள். பயந்து உட்கார அவளுக்கு நேரமில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

அந்த அறை ஒரு காலத்தில் கார் ஷெட். கார் என்று ஒன்று இந்த ஜன்மத்தில் வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகு, அவள் கணவர் தெருப்பக்கத்து வாசலைச் சுவர் வைத்து அடைத்து, ஹால் பக்கம் அகலமாக இரட்டைக் கதவு போட்டு, நான்கு சுவரையும் ஒட்டி இடுப்புயரத்துக்கு மேசை அடித்து, அதன் மேல் ரயில் ஓட்டினார். பொம்மை ரயில் என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவர்களுக்குக் காபி கிடையாது. ஜன்னலைப் பலகையால் மூடி அதில் வானம் வரைந்தார். மலை, குகை, சிக்னல், குடைபிடித்து நிற்கும் விரல்நுனி மனிதர்கள், எல்லாம் உண்டு. எஞ்சின் நின்றாலும் விளக்கு எரிய வேண்டும் என்று அதற்குள் ஒரு பட்டன் பேட்டரி கூட வைத்திருந்தார்.

தண்டவாளம் அறையைச் சுற்றி ஒரு முழு வளையம். வளையம் என்றால் வாசலைத் தாண்டாமல் முடியாது. ஆகவே வாசலுக்குக் குறுக்கே, இரண்டு பக்கத்து மேசைகளையும் சேர்த்து ஒரு பலகையைத் திருகி வைத்திருந்தார். உள்ளே போக வேண்டுமானால் அதன் அடியில் குனிந்து நுழைய வேண்டும். வாசலின் அகலம் ஐந்தரை அடி. "என் உயரமும் அதேதான். பலகை உடைஞ்சா கவலையில்ல, நானே குறுக்கால படுத்துக்கறேன். என் மேலயே வண்டி போகட்டும்," என்று சொல்லிச் சிரிப்பார். சிமெண்ட் கடையில் கணக்கு எழுதுகிற மனிதர். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் டிரைவர். அவள் கார்டு. "கார்டம்மா, பச்சை காட்டு" என்பார். அவள் பச்சைக் கைக்குட்டையை ஆட்டினால்தான் வண்டி கிளம்பும். பெற்றோர் வைத்த பெயர் மறந்துபோகிற அளவுக்கு அந்தப் பெயரே அவளுக்கு ஒட்டிக்கொண்டது.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு நாள், அவள் வேலையிலிருந்து திரும்பி வந்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் வளையத்துக்கு உள்ளே தரையில் கிடந்தார். காலையிலிருந்து அப்படியே கிடந்திருக்கிறார். வலது கை, வலது கால், முகத்தின் வலது பாதி, எதுவும் அவருடையதாக இல்லை. அறையின் எதிர்மூலையைப் பார்த்தபடி, "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான்கு பேர் வந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்கிற மாதிரி, பலகைக்கு அடியில் அவரை இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள். அவள் பிளக்கைப் பிடுங்கினாள். அதன் பிறகு அந்த வளையத்துக்குள் ஒருவரும் போகவில்லை. அவளுக்கு முழங்கால் மடங்காது. அவருக்கோ சக்கர நாற்காலி.

டாக்டர் சொன்னார், சிலருக்கு இப்படி ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சும், அதற்குப் பொருள் தேடாதீர்கள் என்று. அவருக்கு மிஞ்சியது 'வேண்டாம்.' காபி கொடுத்தால் "வேண்டாம்" என்பார், வாயைத் திறந்து காட்டுவார். குளிப்பாட்டக் கூப்பிட்டால் "வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே நல்ல கையால் சட்டைப் பொத்தானை அவிழ்ப்பார். அவளும் பழகிவிட்டாள். "உங்க வேண்டாம் எனக்குத் தெரியாதா? வேணும்னு அர்த்தம்," என்று தாடையைத் துடைத்துவிடுவாள்.

நாத்தனார் போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். நல்லவள்தான். தம்பி மேல் உயிர். அதனால்தான் பேச்சில் ஒளிவு மறைவு இல்லை.

"நீ ஒருத்தியா எத்தனை நாளைக்குத் தூக்குவே? உனக்கே முட்டி போச்சு. என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆள் வெச்சுப் பார்த்துக்கலாம்."

"அவருக்கு இந்த வீடுதான் அக்கா பழக்கம்."

"வீடா? அவனுக்கு இப்ப வீடும் தெரியல, வாசலும் தெரியல. உன்னையே தெரியுதான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. பேர் சொல்லிக் கூப்பிட்டானா ஒரு நாளாவது?"

அது சுருக்கென்று தைத்தது. கூப்பிடவில்லை. ஒரு நாளும் கூப்பிடவில்லை. அதுதான் அவளுக்கு ராத்திரியெல்லாம் தொண்டையில் நிற்கிற விஷயம். ஆனால் அதை ஒப்புக்கொள்கிற ஆளா அவள்?

"ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வாங்க. வந்து உக்காருங்க. அவர் கையால ரயில் ஓட்டிக் காட்டுவார். ஓட்டலேன்னா நானே அவர் துணிமணிய மடிச்சு உங்க கையில குடுத்துடறேன்."

"அந்த ரூமுக்குள்ள நாற்காலி எப்படிப் போகும்?"

"போகும். பலகைய எடுத்து வைக்கிற மாதிரி பண்ணிடறேன்."

அவள் சும்மா சவால் விடவில்லை. முப்பது வருஷம் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தவள். ஈறுக்கும் செட்டுக்கும் நடுவில் மயிரிழை இடம் விட்டாலும் சாப்பிடுகிறவர் திட்டுவார். பித்தளை, பிளாஸ்டர், நுண்பல் ரம்பம் எல்லாம் அவள் விரலுக்குப் பழகினவை. பலகையைக் கழற்றுவது பெரிய விஷயமில்லை. கழற்றின பலகை, திரும்ப வைக்கும்போது அதே இடத்தில், தண்டவாளத்தோடு தண்டவாளம் துளி பிசகாமல் உட்கார வேண்டும். இல்லையென்றால் வண்டி குப்புற விழும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. தண்டவாளத்தை முதலிலேயே வெட்டிவிடக் கூடாது. முழுசாக இருக்கும்போதே அடியில் தாங்குகட்டை கொடுத்து, பித்தளைக் குமிழும் குழியும் பொருத்தி, வெட்டப்போகும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் தண்டவாளத்தைப் பித்தளைத் திருகோடு ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட்டு, எல்லாம் இறுகின பிறகு கடைசியாக ரம்பத்தை வைக்க வேண்டும். அதுவரை வளையம் வளையமாகவே இருக்கும்.

வியாழக்கிழமை காலை, எஞ்சினை மறுபடி குகைக்குள் தள்ளிவிட்டு, ஹாலில் முக்காலி போட்டு உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள். டிரைவர் பின்னால் நாற்காலியில். ஒவ்வொரு திருகுக்கும், "வேண்டாம்."

"ஆமா ஆமா. சீக்கிரம் முடிக்கறேன்."

தாங்குகட்டைக்கு அளவெடுத்தாள். டேப்பின் நுனியை இடப்பக்கத்து மேசைக்கு அடியில் விட்டுவிட்டு, டேப் பெட்டியை இழுத்துக்கொண்டு வலப்பக்கம் போனாள். தனியாக அளக்கிறவர்களுக்குத் தெரியும், இப்படி இழுத்தால் நுனி நழுவி வந்து முகத்தில் அடிக்கும். வரவில்லை. நன்றாக விறைப்பாக நின்றது. ஐந்தரை அடி, அரை விரற்கடை குறைவு. பென்சிலால் குறித்துக்கொண்டு டேப்பைத் தளர்த்தினாள். அது உடனே சுருளாமல் ஒரு கணம் அப்படியே நின்று, யாரோ மனசில்லாமல் விட்டது போல மெதுவாகத் திரும்பி வந்தது. அவள் இடப்பக்கம் போய் மேசையின் அடியைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்ற பிளைவுட். கொக்கி மாட்டிக்கொள்ள ஒரு விளிம்பு இல்லை, ஓர் ஆணி இல்லை.

டார்ச்சை எடுத்து அறைக்குள் அடித்தாள். பகல்தான், ஆனால் அடைத்த ஜன்னலுக்குப் பகல் ஏது? ஏழு மாதத்துத் தூசி மலை மேலும் குகை மேலும் குடைக்காரர்கள் மேலும் ஒரே சீராகப் படிந்திருந்தது. மேசைகளின் உள்விளிம்பில் மட்டும் தூசி இல்லை. அறையைச் சுற்றி, இடுப்புயரத்தில், ஒரு கையகலப் பட்டையாகப் பச்சைப் பெயிண்ட் தேய்ந்து, மரம் தெரிந்து, அந்த மரமும் மாடிப்படிக் கைப்பிடி போல மெருகேறிப் பளபளத்தது. தரையிலும் ஒரு தடம். வளையத்துக்குள் வளையமாக. யாரோ மேசையை உரசிக்கொண்டு சுற்றிச் சுற்றி, சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார்கள்.

எலி என்று சொல்லிப் பார்த்தாள். எலிக்கு எங்கே இடுப்பு? கதவைச் சாத்திவிட்டு ஓடிப் போயிருக்கலாம். திரும்பிப் பார்த்தாள், டிரைவர் நாற்காலியில் சரிந்து, வாயோரம் எச்சில் வழிய, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பயத்துக்கு மேல் கோபம் வந்தது. எங்கள் வீடு, நாங்கள் அடித்த பலகை, இவரைச் சுருட்டிப் போட்ட இடம். இதில் வந்து உலாத்துகிறது யார்?

"யாரா இருந்தாலும் இருந்துட்டுப் போ," என்று இருட்டைப் பார்த்துச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை நாங்க உள்ள வரோம். அவ்ளோதான்."

அன்று முதல் சத்தமும் கேட்க ஆரம்பித்தது, அல்லது அது முன்பே இருந்து அவள் இப்போதுதான் காது கொடுத்தாளோ என்னவோ. சாத்திய கதவுக்குப் பின்னால், துணி மரத்தில் உரசுகிற மெல்லிய சத்தம், ஈரத் துணியால் யாரோ மேசை துடைப்பது போல, வாசலுக்கு அருகில் வந்து, தாண்டி, தூரம் போய், மறுபடி வந்து, அவசரமும் இல்லாமல் ஓய்வும் இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. அவள் சோறு ஊட்டும்போது கேட்டது. பாத்திரம் கழுவும்போது குழாயை மூடினால் கேட்டது. டிரைவரின் கண்கள் அந்தச் சத்தத்தோடு கூடவே இடமிருந்து வலமாகப் போய், நின்று, மறுபடி இடத்துக்கு வந்ததை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

வெள்ளிக்கிழமை தாங்குகட்டை இறுகியது. குமிழ் குழியில் டக்கென்று உட்கார்ந்தது. வலப்பக்கத் தாங்குகட்டையில் ஒரு பொத்தான் ஸ்விட்ச் வைத்தாள். பலகையின் கனம் அதன் மேல் இருந்தால்தான் தண்டவாளத்துக்குக் கரண்ட் போகும், தூக்கினால் வளையம் முழுக்க நின்றுவிடும். பலகை இல்லாத வாசலில் வண்டி பாய்ந்து தரையில் விழக் கூடாதல்லவா, அதற்காக. சனிக்கிழமை மத்தியானம், தண்டவாளத்தை வெட்ட உட்கார்ந்தாள்.

நுண்பல் ரம்பம் அவளுடைய பழைய கூடத்து ரம்பம். கைப்பிடி அவள் உள்ளங்கைக்குத் தேய்ந்தது. முதல் தண்டவாளத்தில் வைத்து இழுத்ததும், கீச்சென்ற அதிர்வு பலகை வழியாக அறையை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்து அவள் பல்லில் கூசியது. உரசல் சத்தம் நின்றது. உள்ளே அது எங்கேயோ நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. அவள் நிறுத்தவில்லை. நான்கு வெட்டு, ஒவ்வொன்றும் நூல் பிடித்தது போல. முடிந்ததும் ரம்பத்தை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள், தண்டவாள முனையில் பிசிறு இருந்தால் தட்டிவிட.

"வேண்டாம்," என்றார் டிரைவர். இந்தத் தடவை மெதுவாக.

பிளக்கைச் சொருகினாள். குகைக்குள்ளிருந்து எஞ்சின் தானாகக் கிளம்பியது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கன்ட்ரோலர் உள்ளே எதிர்ச்சுவர் மேசையில் இருக்கிறது. அதன் திருகை ஏழு மாதத்துக்கு முன் அவர் கை எங்கே விட்டதோ அங்கேதான் இன்னும் இருக்கிறது. எஞ்சினும் அதன் பின்னால் கோத்திருந்த இரண்டு பெட்டியும் வாசல் பலகையில் வரும்போது, அடியில் ஒன்றும் இல்லாததால், கடகடவென்று ஒலித்தன. மேசைக்குப் போனதும் சத்தம் அமுங்கியது. சுற்றி வந்தது. வெட்டின இடத்தில் ஒரு குலுக்கல் கூட இல்லை. அவளுக்குப் பெருமையாக இருந்தது, அப்படியே இரண்டு சுற்று ரசித்தாள். அப்புறம்தான் கவனித்தாள். வண்டிக்குப் பின்னால், அதே வேகத்தில், உரசல்.

வண்டி எதிர்ப்பக்கம் இருக்கும்போது பலகையைத் தூக்கினாள். ஒரு குழந்தையின் கனம்தான். எஞ்சின் நின்றது, ஸ்விட்ச் வேலை செய்கிறது. உரசல் நிற்கவில்லை. வலப்பக்க மேசையோரமாக வந்தது. வந்தது. திறந்த வாசலின் விளிம்பில் வந்து நின்றது.

பலகையை நெஞ்சோடு அணைத்தபடி அவளும் நின்றாள். எதிரே ஒன்றும் இல்லை, இருட்டு மட்டும். ஆனால் வாசனை வந்தது. மருந்தும் பவுடரும் கலந்த இப்போதைய வாசனை இல்லை. எஞ்சின் எண்ணெய், வியர்வை, சிமெண்ட் தூசி. சாயந்திரம் சட்டையைக் கழற்றும்போது வருகிற அவருடைய வாசனை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பயத்தினாலா ஆசையினாலா என்று அவளுக்கே தெரியவில்லை, இரண்டும்தான்.

"தள்ளிக்க," என்றாள். குரல் நடுங்கியது, அது அவளுக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு தரம் உறுதியாகச் சொன்னாள். "தள்ளிக்க. பலகைய வைக்கணும்."

குமிழ் குழியில் இறங்க மறுத்தது. உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினாள். டக்.

வேறு யாராவது என்றால் அத்தோடு கதவைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டிருப்பார்கள். அவள் ஹாலில் உட்கார்ந்து காபி குடித்தாள். நாளைக்கு நாத்தனார் வருவாள். அவள் முன்னால் முதல் தடவையாக உள்ளே போய், இவர் மிரண்டு ஒன்றும் செய்யாமல் இருந்தால்? அப்புறம் இந்த வீட்டில் எதிரும் புதிருமாக இரண்டு டம்ளர் இருக்காது, ஒன்றுதான் இருக்கும். இன்றைக்கே ஒத்திகை பார்க்க வேண்டும். உள்ளே இருப்பது எதுவானாலும், அதற்குப் பயந்து இவரைப் பறிகொடுக்க அவள் தயாராக இல்லை.

"டிரைவர் சார், டூட்டி இருக்கு," என்று அவர் தலையைச் சீவிவிட்டாள்.

"வேண்டாம்."

"தெரியும், தெரியும்."

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பலகையைத் தூக்கி ஹால் சுவரில் சாய்த்தாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு திறந்த வாசலுக்குள் நுழைந்தாள். முழங்காலை மடக்காமல், தலை குனியாமல், நிமிர்ந்தபடி. ஒன்றும் வந்து மோதவில்லை. ஒன்றும் உரசவில்லை. அறை சும்மா ஓர் அறையாக இருந்தது, தூசியும் பசை வாசனையுமாக. இவ்வளவுதானா என்று கூட அவளுக்குத் தோன்றியது. எதிர்ச்சுவர் மேசைக்கு முன் நாற்காலியை நிறுத்தி பிரேக் போட்டாள். கன்ட்ரோலர் திருகைச் சைபருக்குக் கொண்டுவந்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. இத்தனை நேரம் பிளக் சொருகியிருந்ததால் என்று வைத்துக்கொண்டாள்.

முதல் ஓட்டம் எப்போதும் இருட்டில்தான், அது அவர் பழக்கம். அதற்காகவே கதவுக் கைப்பிடியிலிருந்து உள்ளே வரை ஒரு கயிறு கட்டியிருந்தார். அவள் கயிற்றை இழுத்தாள். கதவுகள் சாத்திக்கொண்டன. எஞ்சினின் தலைவிளக்கு மட்டும் ஒரு கடுகளவு எரிந்தது.

அப்போது அவர் கை எழுந்தது. யாரும் சொல்லவில்லை, யாரும் தூக்கிவிடவில்லை. இடது கை இருட்டில் தானாகப் போய், திருகைத் தொட்டு, விரல்கள் பழைய இடங்களில் பதிந்தன. அவள் இடுப்பிலிருந்து பச்சைக் கைக்குட்டையை உருவினாள். ஏழு மாதமாக அதை அங்கேதான் செருகி வைத்திருந்தாள், இதற்காகத்தான். ஆட்டினாள். திருகு திரும்பியது. வண்டி கிளம்பியது.

சீராக, மெதுவாக, வளைவில் வேகத்தைக் குறைத்து, நேரில் கூட்டி. அவர்தான் ஓட்டினார். வேறு யாருக்கும் அந்தக் கை வராது. கார்டம்மா நாற்காலியின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நாளைக்கு வரட்டும், வந்து பார்க்கட்டும் நாத்தனார். விளக்கு மலையைத் தடவிக்கொண்டு போயிற்று, குகைக்குள் மறைந்தது, வெளியே வந்தது, வாசலைத் தாண்டியது, வலப்பக்கம் வந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

மூன்றாவது சுற்றில்தான் அவள் காது விழித்தது.

வாசலில் வண்டிக்குச் சத்தமில்லை.

மத்தியானம் கடகடத்த இடம். இப்போது அங்கே வந்ததும் சக்கரச் சத்தம் அமுங்கி, இல்லாமலே போய், மறுபக்க மேசையில் ஏறியதும் மறுபடி ஆரம்பிக்கிறது. மெத்தையின் மேல் போவது போல. ஏதாவது மாட்டியிருக்குமோ? பலகைக்கு அடியில் துணி ஏதாவது?

பலகை.

பலகையை அவள் வைக்கவே இல்லை.

ஹால் சுவரில் சாய்த்தாள். நாற்காலியைத் தள்ளினாள். பிரேக் போட்டாள். கயிற்றை இழுத்தாள். அவர் கை எழுந்தது. பலகை அங்கேயே, கதவுக்கு வெளியே, சுவரில் சாய்ந்து நிற்கிறது. மேசைக்கும் மேசைக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. ஐந்தரை அடி வெறும் காற்று.

ஆனால் வண்டி ஓடுகிறது. கரண்ட் ஓடுகிறது. ஸ்விட்சை அவளே வைத்தாள், அவளே சோதித்தாள். கனம் இருந்தால்தான் கரண்ட். அந்தத் தாங்குகட்டையின் மேல், இப்போது, ஏதோ ஒன்றின் கனம்.

வண்டி குகைக்குள் போயிற்று. இருட்டு. அவள் நாற்காலியை விட்டு வாசல் பக்கம் இரண்டடி வைத்தாள். வண்டி குகையை விட்டு வந்தது. கடுகளவு விளக்கு வாசலை நெருங்கியது. ஏறியது.

கால் கட்டைவிரல். அதன் மேல் இரண்டு கோடாகத் தண்டவாளம். கணுக்கால். முழங்கால், விறைத்து, துளி மடங்காமல். சிமெண்ட் தூசி படிந்த கால்சட்டை. சட்டை. ஆஸ்பத்திரியில் கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்ட அந்தச் சட்டை. வண்டி வயிற்றின் மேல் ஏறியது, நெஞ்சின் மேல் சத்தமில்லாமல் போயிற்று. கழுத்து. தாடை.

முகம்.

அவர் முகம்தான். இரண்டு பக்கமும் சமமாக. வாய் கோணாமல், கண் சரியாமல், எச்சில் வழியாமல், ஏழு மாதத்துக்கு முன்னால் இருந்த முழு முகம். மேசைக்கும் மேசைக்கும் நடுவில், மயிரிழை இடம் விடாமல், அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்திக் கிடந்தது. சக்கரம் உதட்டின் மேல் ஏறி இறங்கியது. வண்டி தாண்டியதும் இருட்டு.

இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கார்டம்மா."

அவருடைய பழைய குரல். கொஞ்சம் கிண்டல், கொஞ்சம் கொஞ்சல்.

"கார்டம்மா. பச்சை காட்டு."

அவளுக்கு ஆசையாக இருந்தது, அதுதான் கொடுமை. ஒரே ஒரு தடவை அந்தப் பெயரைக் கேட்க மாட்டோமா என்று எத்தனை ராத்திரி தலையணையைக் கடித்திருக்கிறாள். கையில் கைக்குட்டை இருந்தது. கை உயரத் தொடங்கியது.

"வேண்டாம்," என்றார் பின்னால் டிரைவர்.

ஏழு மாதமாக அந்த வார்த்தையை அவள் தலைகீழாகவே எடுத்திருந்தாள். காபிக்கும் குளியலுக்கும் அது சரி. இந்த அறையைப் பற்றி அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் நேராகவே சொல்லியிருக்கிறார். முதல் நாள் தரையில் கிடந்தபோதே சொல்லியிருக்கிறார். அவளிடம் இல்லை, இதனிடம். ஒரு பகல் முழுக்க, ஒற்றை ஆளாக, பாதி வாயால்.

கை இறங்கியது. கைக்குட்டையை விட்டுவிட்டாள்.

"என் வீட்டுக்காரர் வேண்டாம்ங்கறார்," என்றாள் இருட்டைப் பார்த்து. குரல் நடுங்கவில்லை. "கேட்டுச்சா?"

"கார்டம்மா," என்றது.

ஏப்ரன் பைக்குள் கை போயிற்று. தேய்ந்த கைப்பிடி உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. குறுக்கே கிடக்கிற எதையும் எங்கே வெட்டினால் கழற்றலாம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இருட்டில் எப்படி? வண்டி எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவள் வாசலருகே போய்க் காத்திருந்தாள். அது வளைவில் வேகம் குறைந்து, குகைக்குள் நுழைந்து, வெளியே வந்து, கால் கட்டைவிரலில் ஏறியது. முழங்கால். வயிறு. நெஞ்சு.

நின்றது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை. திருகின் மேல் அந்த இடது கை இருக்கிறது. எஞ்சினை நெஞ்சின் மேல், விளக்கு நேராகக் கழுத்தில் விழுகிற இடத்தில், நிறுத்திப் பிடித்திருக்கிறார்.

"சரிங்க டிரைவர் சார்," என்றாள்.

இரண்டு தண்டவாளமும் கழுத்தின் மேல் பளபளத்தன. அவள் இடது உள்ளங்கையை அந்த நெற்றியில் வைத்து அழுத்திப் பிடித்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. அது சிரித்துக்கொண்டிருந்தது. ரம்பத்தின் பல்லைத் தண்டவாளத்தில் பதித்து, முதல் இழுப்பை இழுத்தாள். கீச்சென்ற அதிர்வு அறையை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தது. அந்தக் கண்கள் இமைக்கவில்லை.

"கார்டம்மா," என்றது.

அவள் இரண்டாவது இழுப்பை இழுத்தாள்.